பழைய ஜாவா

தக்கலையில் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவர் அவர். எந்தக் கீபோர்டையும் சட்டை நுனியால் துடைத்துவிட்டுத்தான் தொடுவார். ஆபீஸ் வேலைக்கு என் மடிக்கணினியில் ஜாவா மென்பொருளின் புதுப் பதிப்பு தேவைப்பட்டது. பழையதை அழித்துவிடச் சொன்னேன்.

"அழிக்காண்டாம் மக்கா. ரெண்டும் கிடக்கட்டும். எந்த புரோகிராமுக்கு எந்த ஜாவான்னு வழி காட்டி, பாத் செட் பண்ணுனா போதும்" என்றார்.

அவருடைய கணினியிலும் இரண்டும் இருந்தன. பழைய ஜாவாவில் மட்டுமே ஓடும் ஒரு சின்ன புரோகிராமைத் திறந்து காட்டினார். கல்லூரியில் படிக்கும்போது மகள் எழுதியதாம். "அப்பா, சோறு தின்னாச்சா?" என்று திரை கேட்டது. "ஆச்சு" என்று தட்டினார்.

"மக இப்ப எங்க இருக்கா, அண்ணாச்சி?"

"உன் வேலை முடிஞ்சாச்சு" என்று என் மடிக்கணினியை நீட்டினார்.

வாங்கும்போது பார்த்தேன். சாயங்காலமாகியும் மேசையில் அவருடைய சோற்றுப் பாத்திரம் திறக்கப்படாமல் இருந்தது. அந்தப் பொய்யைத் தினமும் சொல்வாரோ என்று இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.