நூரைன் எப்படிப் பாஸானாள்

நூரைன் ஆறு வருடமாகச் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு ப்ரோக்ராம் எழுதிக்கொண்டிருந்தாள். கொரோனா சமயத்தில் திருவண்ணாமலைக்கு வந்தவள், வேங்கிக்கால் வீட்டின் மாடி அறையிலேயே வேலையைத் தொடர்ந்தாள். எழுதியது ஓடும்; ஓடாவிட்டால் ஏன் என்று பார்த்துச் சரிசெய்வாள். தனக்கு வேலை தெரியுமா என்ற சந்தேகம் அவளுக்கு வந்ததே இல்லை.

ஒரு நாள் மீட்டிங்கில் மேனேஜர் சக்கரபாணி சொன்னார். "புது க்ளையன்ட் சர்டிஃபிகேட் இருக்கறவங்களத்தான் கேக்கறாங்க. மாசக் கடைசிக்குள்ள எல்லாரும் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணிடுங்க."

மாதம் முடிய அதிக நாள் இல்லை. அதே கம்பெனியில் சீனியரான வினோதினி மலைக்கு அந்தப் பக்கம், அடி அண்ணாமலையிலிருந்து வேலை பார்த்தாள். யாருக்கு எது ஓடாவிட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் ஒரு ஃபைல் அனுப்பினாள். முன்பு பரீட்சை எழுதியவர்கள் ஞாபகத்திலிருந்து திரட்டிய கேள்விகளும் விடைகளும் அதில் இருந்தன.

"புக்கு படிக்கல்லாம் நேரமில்ல நூரைன். இந்த டம்ப்பை மனப்பாடம் பண்ணிடு. நானும் அதான் பண்றேன்" என்றாள் போனில்.

நூரைனின் கணவன் சமீருக்குத் தேரடி வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை. காலையில் கடைக்குக் கிளம்புமுன் அவன் கேள்விகளைச் சத்தமாகப் படிப்பான். அவள் தோசை வார்த்துக்கொண்டே பதில் சொல்வாள்.

"ஒரு ஆப் திடீர்னு ஸ்லோ ஆயிடுச்சு. முதல்ல என்ன பண்ணணும்? நாலு ஆப்ஷன் இருக்கு."

"லாக் பார்க்கணும். எங்க மாட்டிக்கிச்சுன்னு அதுலயே எழுதியிருக்கும்."

"அது ஆப்ஷன்லயே இல்லயே."

நூரைன் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தாள். உண்மையாகவே இல்லை. ஃபைலில் இரண்டாவது விடை சரியென்று போட்டிருந்தது. அடியில் கருத்து எழுதியவர்களில் பாதிப் பேர் மூன்றாவதுதான் சரி என்று சண்டை போட்டிருந்தார்கள்.

"இப்ப நான் எதை மனப்பாடம் பண்றது?"

"ஜாஸ்தி பேர் எதைச் சொல்றாங்களோ அதைப் போட்டுடு" என்றான் சமீர். "ஆனா, உங்க ஆபீஸ்ல நெஜமா இதெல்லாம் பண்றீங்களா?"

அவள் தோசையைத் திருப்பிப் போடப் போய்விட்டாள். படிக்கப் படிக்க அவளுக்குத் தெரிந்ததே தெரியாததுபோல ஆகிக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை, வழக்கமாக டீ ஆறுமுன் முடிக்கும் ஒரு சின்ன வேலை ஆபீஸிலிருந்து வந்தது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். எப்போதும் செய்கிற வழி சரிதானா, பரீட்சை மாதிரி நாலு ஆப்ஷனில் வேறெதுவாவது சரியாக இருக்குமா? கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பழைய மாதிரியே எழுதினாள். ஓடியது. அதுவும் அவளுக்குத் தைரியம் தரவில்லை.

பரீட்சையை வீட்டிலிருந்தே எழுதலாம். கேமராவில் எங்கிருந்தோ ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் மேலே வரக்கூடாதென்று சமீர் படியில் காவல் இருந்தான். இரண்டாவது கேள்வியிலேயே திரையில் எச்சரிக்கை வந்தது: உதட்டை அசைக்கக் கூடாது. சமீர் படிக்கக் கேட்டே பழகிய அவள், தன்னையறியாமல் கேள்வியை முணுமுணுத்திருந்தாள். வாயை இறுக்கிக்கொண்டாள். சத்தம் நின்றதும் எழுத்து மூளையில் ஏற மறுத்தது. சிலவற்றுக்குத் தனக்குத் தெரிந்ததைப் போட்டாள், சிலவற்றுக்கு ஃபைலில் இருந்ததை. எதற்கு எது என்று பாதியில் அவளுக்கே குழம்பிவிட்டது.

முடித்ததும் 'பாஸ்' என்று வந்தது. எது சரி, எது தப்பு என்ற விவரம் எதுவும் இல்லை.

"பாஸாயிட்டியே, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றான் சமீர்.

"எதனால பாஸானேன்னு தெரியலங்க."

மறுநாள் வினோதினி எழுதினாள்; ஃபெயில். சக்கரபாணி புது வேலைக்குத் தேர்ந்தெடுத்தவர்களில் நூரைன் இருந்தாள், வினோதினி இல்லை. "எப்படி எழுதின, சொல்லு. திரும்ப எழுதப் போறேன்" என்று வினோதினி போனில் கேட்டாள்.

"நெஜமாவே தெரியலக்கா."

"சொல்ல இஷ்டமில்லன்னா விடு." போன் வைக்கப்பட்டது.

நூரைன் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேராக அடி அண்ணாமலைக்குப் போனாள். வினோதினி கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை.

"அக்கா, நான் எதையும் மறைக்கல. நான் பாஸானது எனக்குப் புரியல. நீங்க ஃபெயிலானது அதைவிடப் புரியல. நாம ரெண்டு பேரும் படிச்சது ஒரே ஃபைல்தானே?"

வினோதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வா, உள்ள வந்து உக்காரு. காபி போடறேன்."

அடுத்த மாதம் வினோதினி மறுபடி எழுதிப் பாஸானாள். எப்படி என்று நூரைன் கேட்டாள்.

"போன தடவை போட்டதையேதான் முக்கால்வாசி போட்டேன் போல. சரியா ஞாபகமில்ல" என்றாள் வினோதினி.