பேஷண்ட் என்றால் யார்?

டோக்கன் கொடுப்பது சுலபம். வாங்கினவரை உட்கார வைப்பதுதான் வேலை. திருவண்ணாமலையில் ஒரு டாக்டரின் கிளினிக்கில் பதினோரு வருஷமாக முன் மேஜை என்னுடையது. நீங்களும் எங்காவது பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்து, மேஜைக்குப் பின்னால் இருந்த பெண்ணை முறைத்திருப்பீர்கள். அவளுக்கும் கஷ்டம்தான். ஒரு நாளைக்கு நூறு தடவை ‘பேஷண்ட்’ என்று சொல்கிறேன். அதற்கு அர்த்தம் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பிடிபட்டது.

போர்டு

ஹாலில் சத்தம் ஜாஸ்தியாகிவிட்டது என்று டாக்டர் ‘ப்ளீஸ் பி பேஷண்ட்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து, தமிழிலும் சேர்த்து போர்டு போடச் சொன்னார். பேனர் கடைக்காரர் போனிலேயே தமிழாக்கி, அடித்து, மாட்டிவிட்டும் போனார். நான் சரியாகப் படிக்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு காலேஜ் பெண் சிரித்துச் சிரித்து வாசித்தாள்: ‘தயவுசெய்து நோயாளியாக இருக்கவும்.’ ஆங்கிலத்தில் ‘பேஷண்ட்’ என்றால் பொறுமையானவர் என்றும் அர்த்தம் உண்டு என்று அவள்தான் சொன்னாள். வெட்கத்தோடு ஸ்டூல் போட்டுக் கழற்றப் போனேன். முன் வரிசையில் இருமிக்கொண்டிருந்த பெரியவர் தடுத்தார்: “இருக்கட்டும்மா. அதுக்குத்தானே வந்து குந்திகினு இருக்கோம்.”

யார் பேருக்கு டோக்கன்?

முட்டி வலி என்று ஓர் அம்மாவை அவருடைய மகன் அழைத்து வந்தார். ஆட்டோ ஓட்டுகிறவர். “பேஷண்ட் பேர்?” என்றேன். ஏதோ ஞாபகத்தில் தன் பேரைச் சொல்லிவிட்டார். உள்ளே கூப்பிட்டதும் அவரே போனார். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி பி.பி. பார்த்துவிட்டார். “எனக்கு இல்லீங்க, எங்கம்மாவுக்கு” என்று அவர் சொல்வதற்குள் நர்ஸ் முகம் மாறி, மறுபடி ஒரு தடவை பார்த்து, டாக்டரைக் கூப்பிட்டார். அவ்வளவு அழுத்தம். மாசக்கணக்கில் தலைவலியை வெயில் என்று நினைத்து வண்டி ஓட்டியிருக்கிறார்.

அன்றைக்கே மாத்திரை ஆரம்பித்தார்கள். அந்த அம்மா மகனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் சொன்னார்: “என் முட்டி கிடக்கட்டும். நல்லவேளை, அவன் பேரைக் கொடுத்தான்.”

லத்தீன் டீச்சர்

குளிர்காலத்தில் இங்கே வந்து தங்கும் இத்தாலிக்கார அம்மா ஒருவர், கிரிவலப் பாதையில் கால் பிசகி வந்தார். ஊரில் லத்தீன் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசுவார். டாக்டர் வர நேரமானது. போர்டைப் பற்றிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு அர்த்தமும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை, அந்தச் சொல்லுக்கு வலியைத் தாங்குகிறவர் என்று பொருள் என்றார். “அப்போ பொறுமை?” என்றேன். வீங்கின காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “முதல்ல வலி. பொறுமை அப்புறம்தான் வந்தது.”

முப்பத்திரண்டு

அதற்கடுத்த வாரம். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தனியாக பஸ்ஸில் வந்திருந்தார். டோக்கன் முப்பத்திரண்டு. அந்த நேரம் சளிக்கு வந்த ஒருவர் என் மேஜையைத் தட்டித் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். விவசாயி ஓரமாக உட்கார்ந்து துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டு தடவை பார்த்தேன். சும்மாதானே இருக்கிறார் என்று விட்டுவிட்டேன். மூன்றாவது தடவைதான் உறைத்தது, அவர் தலைக்கு மேலேயே ஃபேன் ஓடுகிறது.

எழுந்து போய், “என்னண்ணா பண்ணுது?” என்றேன். “காலையிலருந்து நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்குதும்மா. பரவால்ல, என் நம்பர் வரட்டும்” என்றார். சளிக்காரரே ஒரு பக்கம் தாங்கிப் பிடிக்க, உள்ளே கொண்டுபோனோம். ஈசிஜி பார்த்து, உடனே ஆம்புலன்ஸ் வரவழைத்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார் டாக்டர். பிழைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து மகளோடு நடந்து வந்தார். நேராக உள்ளே போகச் சொன்னேன். கையை ஆட்டி மறுத்துவிட்டார்: “அன்னிக்கே ஏழு பேரைத் தாண்டிப் போய்ட்டேன். இன்னிக்கு வரிசையிலயே வர்றேம்மா.”

இப்போதெல்லாம் யாராவது மேஜையைத் தட்டிக் கத்தினால், இவருக்கு இன்னும் தெம்பு இருக்கிறது என்று நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டு, கத்தாதவரைத் தேடிப் போகிறேன்.