கியர் போடும் கை

இரண்டாவது அடியில் பிளாஸ்டர் ஓடு நடுவே விரிசல் விட்டது. ஜிபின் சுத்தியலை மறுபடி ஓங்கினான். டின்சி பின்னாலிருந்து அவன் காலரைப் பிடித்து இழுத்தாள். அவன் முழங்கையால் ஒரே இடி. அவள் உதடு கிழிந்து வாயெல்லாம் உப்புக் கரித்தது.

கல்லூரியின் சிற்பக் கூடத்திலிருந்த மாணவர்கள் சிரித்தார்கள். அண்ணனும் தங்கையும் ஏதோ நிகழ்த்துகலை செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்கள். கொச்சியில் அப்படி நினைக்கலாம்தான். போன வாரம் ஒருத்தி படகுத்துறையில் மீன்கூடையைத் தலையில் வைத்து ஒரு மணி நேரம் அசையாமல் நின்றாள். கூட்டம் கூடிக் கைதட்டியது.

ஜிபின் அந்த வெள்ளை ஓட்டைத்தான் சிலை என்று எண்ணினான். களிமண் உருவத்தின்மேல் பிளாஸ்டர் பூசி அச்செடுத்து, மண்ணைக் களைந்து, சிமெண்ட் அடைத்து, அது இறுகியபின் ஓட்டை உடைத்துத்தான் சிலையை வெளியே எடுப்பார்கள் என்பது அவனுக்குத் தெரியாது. மறுநாள் மதிப்பீடு. சாயங்காலத்துக்குள் அவள் சிறு உளியால் பொறுமையாகச் செய்ய இருந்த வேலையை அவன் வெறியோடு செய்துகொண்டிருந்தான்.

டின்சி மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் ஊருக்கு மேலே, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஓடை மண்ணில் ஆடும் ஒட்டகமும் செய்து கை பழகியவள். மூன்று ராஜாக்களுக்கும் லைன் ஆட்களின் முகத்தை வைத்துப் பங்குச் சாமியாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறாள். அம்மா இன்பமேரி கொழுந்து பறித்துத்தான் அவளைக் கல்லூரிக்கு அனுப்பினாள். இந்த மாதத்தோடு அம்மாவுக்கு ஓய்வு. வீட்டில் ஒருவர் பேராவது எஸ்டேட்டின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இல்லாவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்யவேண்டும். மாட்டுப்பட்டி அணைக்குச் சுற்றுலா ஜீப் ஓட்டும் ஜிபின், தேயிலைக்குள் கால் வைக்கமாட்டேன் என்றுவிட்டான். மிச்சம் டின்சிதான். அவளுக்கோ இன்னும் ஒரு வருடப் படிப்பு இருந்தது. படிப்பை விட்டு வரச்சொல்ல ஜிபின் போனில் கூப்பிட்டுப் பார்த்தான். அவள் எடுக்கவில்லை. முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டான்.

மூன்றாவது அடியில் ஓடு சரிந்தது. உள்ளே சிமெண்டில் இன்பமேரி இருந்தாள், கொழுந்துச் சாக்கின் கயிறு பதிந்த நெற்றியோடு.

ஜிபினின் சுத்தியல் தாழ்ந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அம்மா மூஞ்சிய வச்சாட்டி பாஸாகப் போற? அவ தெருவுல நிப்பா. நீ இங்க மண்ணப் பெசஞ்சிட்டு இரு."

சொல்லிக்கொண்டே முகத்தில் அடித்தான். தாடை பெயர்ந்து தரையில் உருண்டது.

அவனுடைய இடது கை சிலையின் தோளில் ஊன்றியிருந்தது. டின்சி மரச் சம்மட்டியை எடுத்தாள். ஒருமுறை அடித்திருந்தால் கோபம் என்று சொல்லலாம். மூன்று முறை அடித்தாள். மூன்றாவதில் எலும்பு நொறுங்குவது அவள் கைப்பிடி வரைக்கும் தெரிந்தது.

ஜிபின் சுத்தியலைக் கீழே போட்டான். தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"ஏட்டி," என்றான் மெதுவாக. "கியர் போடுத கையிட்டி."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பத்து மணிக்கு மதிப்பீடு தொடங்கியது. தாடையில்லாத சிலை அவள் பெயர்ச் சீட்டோடு பீடத்தில் இருந்தது. அந்த நேரம் டின்சி மூணாறு பஸ்ஸில் இருந்தாள். பக்கத்தில் ஜிபின், முழங்கை வரை மாவுக்கட்டோடு. மூன்று மாதம் வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் பையையும் அவளே வைத்திருந்தாள். அடிமாலியில் அவன் டீ குடித்தான். உதடு வீங்கியிருந்ததால் அவள் குடிக்கவில்லை. மூன்றரை மணிக்கு எஸ்டேட் ஆபீஸில் அவள் பேரைச் செக்ரோலில் எழுதினார்கள். என்ன படித்திருக்கிறாய் என்று கிளார்க் கேட்டார். பத்தாவது என்றாள்.