‘எதுல முட்டுனீங்க?’ என்று கேட்ட ராவுத்தர்

ராவுத்தர் இறந்த செய்தி வந்தபோது நான் டிராக்டர் மேல்தான் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓடவில்லை. முக்காலி போட்டு ஏறி, ஷெட்டுக்குள் நிற்கும் வண்டியில் உட்காருவது இப்போது என் காலை வழக்கம். அதற்கு மட்டும் வீட்டில் தடை இல்லை. மருமகள் செல்போனைக் கையில் பிடித்தபடி வந்து, “மாமா, ஒர்க்‌ஷாப் ராவுத்தர் தவறிப்போயிட்டாருங்களாமா. தொழுதுட்டு வந்து உட்கார்ந்தவரு அப்படியே சாஞ்சுட்டாராமா” என்றாள். எனக்கு முதலில் வந்தது கோபம். ஒத்துக்கொண்ட வேலையைச் செய்யாமல் போய்விட்டாரே என்றுதான் நினைத்தேன். இதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

உசேன் ராவுத்தரிடம் வண்டி விட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய டிராக்டர்கள் சிலவற்றில் கிளட்ச் காலில் இருக்காது. இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நீளக் கம்பி இருக்கும். முன்னால் தள்ளினால் வண்டி கிளம்பும், பின்னால் இழுத்தால் நிற்கும். கீழே நின்றுகொண்டே இழுக்கலாம். பெல்ட் மாட்டிக் கரும்பாலை ஓட்டிய காலத்தில் அது பெரிய சௌகரியம். பிறகு வந்த டிரைவர்கள் கால் கிளட்சில் பழகியவர்கள். கைக்கம்பியைக் கண்டதும் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டினார்கள். அந்த வண்டிகளுக்குக் கால் கிளட்ச் வைத்துக் கொடுப்பதில் தாராபுரத்திலிருந்து சத்தியமங்கலம் வரை ராவுத்தரை விட்டால் ஆள் இல்லை. இதை முதலில் சொன்னவரும் அவர்தான். அடக்கம் அவரிடம் கிடையாது.

என் வண்டியை மாற்ற நான் சம்மதிக்கவில்லை. வீடு சம்மதித்தது. மகனுக்குக் கைக்கம்பி ஒத்துவரவில்லை, கூலிக்கு வந்த டிரைவர்கள் நிற்கவில்லை. பொள்ளாச்சி ரோட்டில் இருந்த ஒர்க்‌ஷாப்பில் போய் நின்றேன்.

“ஏனுங்க கவுண்டரே, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க? பொண்ணையா கட்டிக் குடுக்கறீங்க?”

“என்ற வண்டிய நான் ஓட்டறேன். அதுக்கு எதுக்கு ராவுத்தரே இன்னொரு பெடல்?”

“அப்ப சாகற வரைக்கும் நீங்களே உழுதுட்டு இருங்க. எனக்கு ஒரு டீ மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க.”

வண்டியை விட்டுவிட்டு வந்தேன். அவர் வேலை மெதுவாக நடக்கும். மற்ற பட்டறைகளில் பழைய உடம்பில் நேராக வெல்டிங் வைத்துப் பெடலை ஒட்டிவிடுவார்கள். ராவுத்தர் பழைய இரும்பில் வெல்டிங் வைக்கவும் மாட்டார், வெட்டவும் மாட்டார். கம்பெனிக்காரன் விட்ட ஓட்டைகளிலேயே போல்ட் போட்டு முடுக்குகிற மாதிரி எல்லாவற்றையும் செய்வார். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். “நான் போடறது சட்டைங்க. தோலை உரிக்கறதில்லை” என்றார்.

வண்டியை எடுக்கப் போனபோது, கம்பி இருந்த இடத்தில் ஒரு கயிறு தொங்கியது. நுனியில் முடிச்சு. இழுத்தால் இன்ஜின் அணைந்துவிடும். கைக்கம்பியில் பழகியவன் அவசரத்தில் பெடலை மறந்துவிடுவான், கை தானாகப் பழைய இடத்துக்குத்தான் போகும், இல்லாத கம்பியைப் பிடித்து இழுக்கும், வண்டி போய்க்கொண்டே இருக்கும் என்றார். “போற கைக்கு ஒரு வேலை குடுக்கணுமல்லங்க?”

என்னைக் கயிறு கட்டி ஓட்டுவதா? வீட்டுக்கு வந்ததும் அறுத்து எறிந்தேன். அந்த வாரமே தென்னை மட்டைக் குவியலுக்குள் வண்டியோடு போய் நின்றேன். என் வலது கை காற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். அந்தக் கயிறு தேவையில்லை என்றுதான் இன்றும் சொல்வேன். மட்டையை அங்கே குவித்ததுதான் தப்பு.

வண்டியைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து ராவுத்தர் போன் செய்வார். உங்களுக்கும் செய்திருப்பார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்க மாட்டார். எடுத்த எடுப்பில், “எதுல முட்டுனீங்க?” என்பார். ஒன்றிலும் முட்டவில்லை என்றேன். “மட்டைங்கறாங்க?” என்றார். அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

அப்புறம் வருஷக்கணக்கில் கால் கிளட்சில் ஓட்டினேன். போன வருஷம் பக்கவாதம் வந்தது. கை தப்பியது, பேச்சு தப்பியது, இடது கால் மட்டும் திரும்பவில்லை. இடது காலில்தான் கிளட்ச். எங்கள் தோட்டம் ரோட்டைத் தாண்டி இருக்கிறது. என் வண்டியில் நான் போய்க்கொண்டிருந்த தோட்டத்துக்கு இப்போது யாராவது காரில் கூட்டிப்போனால்தான் உண்டு. கூப்பிட்டால், “இந்த வெயில்லயாங்க அப்பா?” என்பார்கள். சாயங்காலம் கேட்டால் இருட்டிவிடும் என்பார்கள்.

ராவுத்தரை வரச் சொல்லி, பழையபடி கைக்கம்பியை மாட்டச் சொன்னேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து என் பாதத்துக்கு அடியில் உள்ளங்கையை வைத்தார்.

“மிதிங்க.”

மிதித்தேன்.

“மிதிங்கன்னேன்.”

“மிதிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“எறும்புகூடச் சாகாதுங்க கவுண்டரே” என்று சிரித்தவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். அடுத்த வாரம் கம்பியோடு வருகிறேன் என்றார். வாசலில் என் மகன் அவரை நிறுத்திப் பேசியது ஜன்னல் வழியே தெரிந்தது.

அடுத்த வாரம் வரவில்லை. முதலில் பேரன் கல்யாணம் என்றார், பிறகு முதுகுவலி என்றார். எனக்கா தெரியாது? போனில் கத்தினேன்.

“நீங்களும் அவனோட சேந்துட்டீங்களா ராவுத்தரே?”

“உங்க பையன் என்ற கையப் புடிச்சுட்டு அழுகறாருங்க. அப்பா எங்காச்சும் கவுந்துட்டா நான் என்ன பண்றதுங்கறாரு. நான் யாருக்குன்னு செய்யறது?”

“வண்டி யாருது?”

 “அந்தப் பெடலைக் கழட்ட நான் எதுக்குங்க? நான் வந்தாத்தான் கழட்ட முடியும்னா, நான் செஞ்ச வேலை சரியில்லைன்னு அர்த்தம்” என்றார். நழுவுகிறார் என்று நினைத்துப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை.

அடக்கத்துக்கு மகன்தான் காரில் கூட்டிப்போனான். பள்ளிவாசலில் கூட்டம். பாதிப்பேர் பழைய டிராக்டர்காரர்கள். முடிந்து கிளம்பும்போது ராவுத்தரின் மகள் ஒர்க்‌ஷாப்பைத் திறந்து என்னைக் கூப்பிட்டாள். மூலையில் சாக்கில் சுற்றி, அன்று என் வண்டியிலிருந்து கழற்றிய கைக்கம்பி இருந்தது. துரு இல்லை, எண்ணெய் மினுமினுத்தது. “அத்தா தொடச்சு வெச்சதுங்க. குடுக்கோணும் குடுக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாருங்க. வண்டியில எடுத்து வைப்பாரு, மறுபடி எறக்கி வெச்சிருவாரு” என்றாள். என் மகன் கேட்டுக்கொண்டு நின்றான். கம்பியைக் கார் டிக்கியில் வைத்தவனும் அவன்தான். 

மறுநாள் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து, ஒரே ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு பெடலைக் கழற்றினேன். எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை, பிரித்துப் பார்த்தே கற்றவன் நான். இங்கே கற்க ஒன்றும் இல்லை. போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. கீழே கம்பெனிக்காரன் விட்ட இரும்பு ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. கம்பி தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்தது. இழுத்தேன். கிளட்ச் விட்டது. தள்ளினேன், பிடித்தது. ராவுத்தர் நழுவவில்லை.

வண்டிச் சாவி என் மகனிடம் இருக்கிறது. தினமும் கேட்கிறேன். பார்க்கலாம் என்கிறான். தினமும் ஏறி உட்கார்ந்து கம்பியை இழுத்துத் தள்ளிப் பார்க்கிறேன். இழுக்கும்போது கீழே என் இடது கால், வேறு எதற்கும் அசையாத கால், இல்லாத பெடலைத் தேடி லேசாக அசைகிறது. டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை. ராவுத்தரிடம் சொல்லியிருப்பேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கம்பியும் அந்தக் கேள்வியும்தான். ஷெட்டுக்குள் நிற்கும் வண்டி எதிலும் முட்டாது. சாவி ஒரு நாள் என் கைக்கு வரும், அன்று எதிலாவது முட்டுவேன். ஒரு வாரம் கழித்துப் போன் வராது.