கடிகாரம் நின்ற நேரம்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாக இருந்தேன். கவரைப்பேட்டையில் அறை. சாயங்காலமானால் மற்றவர்கள் சீட்டாடினார்கள். நான் பழைய கைக்கடிகாரங்களைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஓடாததாகப் பார்த்துத்தான் வாங்குவேன். ஓடுகிற கடிகாரத்தில் எனக்கு என்ன வேலை? ஒன்றையும் விற்றதில்லை. அப்பாவுக்கு மட்டும் ஒன்று கொடுத்திருந்தேன். திருவள்ளூரில் கோயில் மடப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவனுக்குக் கடிகாரம் எதற்கடா என்று சலித்துக்கொண்டார். ஆனாலும் வெளியூர் போகும்போது மறக்காமல் கட்டிக்கொள்வார்.

ஒரு ஐப்பசி மாதம், ஊத்துக்கோட்டையில் ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குச் சமைக்கப் போனார். திரும்புகிற அன்று ஆற்றில் வெள்ளம். திருவள்ளூர் பஸ் ஊத்துக்கோட்டைக்குள் வராமல் எதிர்க்கரையிலேயே நின்றுவிட்டது. தரைப்பாலத்தை நடந்து கடந்தால் ஏறிவிடலாம். கல்யாண வீட்டில் மூன்று மணிக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வெள்ளம் வடியட்டும் என்று கரையில் எவ்வளவு நேரம் காத்திருந்தார், எப்போது இறங்கினார், யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் கழித்து, வெகுதூரம் கீழே, முள்செடியில் சிக்கிக் கிடைத்தார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே போய் அடையாளம் காட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். சிப்பந்தி ஒருவர் கைக்குட்டையில் சுற்றிய கடிகாரத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"இந்தா சார், கையில கட்டிக்கினு இருந்தாரு. உள்ள தண்ணி பூந்துட்ச்சி. இனிமே எங்க ஓடப்போவுது?"

அவ்வளவுதான், என் கை தானாக வேலையில் இறங்கிவிட்டது. தண்ணீர் புகுந்த கடிகாரத்தை உடனே பிரித்தாக வேண்டும், துரு பிடித்தால் தீர்ந்தது கதை. என்னைப் போன்ற பைத்தியங்களுக்கு அதுதான் முதல் பாடம். பேனாக்கத்தியால் பின்மூடியை நெம்பினேன். சாவியை இழுத்து முட்களை நாலைந்து சுற்று சுற்றிப் பார்த்தேன். தண்ணீரை உதறி, கைக்குட்டை நுனியால் ஒற்றியெடுத்தேன். உள்சக்கரத்தை ஊதினேன். அது அசைந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா கிடக்கிறார், இந்தப் பக்கம் எனக்குத் திருப்தி. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வாத்தியார் பஞ்சாங்கத்தைப் பிரித்தார்.

"அன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் பஞ்சமி. அப்புறம் சஷ்டி வந்துடறது. பிராணன் எப்போ போச்சுன்னு தெரிஞ்சாத்தான் வருஷா வருஷம் எந்தத் திதியில பண்றதுன்னு சொல்ல முடியும். தெரியலேன்னாலும் பாதகமில்லே, அதுக்கும் சாஸ்திரத்துல வழி இருக்கு."

அம்மா குறுக்கிட்டாள்.

"கடியாரம் நின்னுருக்குமே. இவன்கிட்டதானே குடுத்தா. ஏண்டா, எத்தனை மணிக்கு நின்னுருந்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கடிகாரம் சட்டைப்பையில் இருந்தது. பிரிப்பதற்கு முன் நான் முட்களைப் பார்க்கவே இல்லை. எந்தக் கடிகாரத்திலும் பார்த்ததில்லை. ஓடாத கடிகாரம் காட்டுவது தப்பு மணி, அதைப் போய் யார் பார்ப்பார்கள்? தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாத்தியார் வழியையும் காட்டிவிட்டார். ஆனால் அப்பாவின் கடைசி நிமிஷத்தை நானே கையால் சுற்றி அழித்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

"ஆறேகால்" என்றேன்.

"அப்போ சஷ்டி" என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு அம்மா தினமும் ஆறேகால் மணிக்குக் கையிலிருக்கும் வேலையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் சும்மா நிற்பாள். வீட்டிலிருக்கும் நாட்களில் நானும் பக்கத்தில் போய் நிற்பேன். கடைசிவரை அவளிடம் சொல்லவில்லை.

ஒவ்வொரு வருஷமும் சஷ்டியன்று திதி கொடுக்கிறேன். ஒரு குறையும் வைப்பதில்லை. திதியன்று பித்ருக்கள் பசியோடு வாசலில் வந்து நிற்பார்கள் என்பார்கள். அப்பா போனது பஞ்சமியாக இருந்தால் முந்தின நாளே வந்து நின்றிருப்பார். ஒருவரும் கூப்பிடாமல் திரும்பிப் போயிருப்பார். அதனால் பஞ்சமியன்று காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழுகையாவது வருமா என்று பார்ப்பேன். வராது. உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிடுவார்கள். எழுந்துபோய்ச் சாப்பிடுவேன்.