எலிசபெத்தும் எலிசபெத்தும் ஒருவரே

மார்ச் 4, செவ்வாய். காலை 5.10க்கு எழுந்தேன். ஜெபம், கோப்பி, இரண்டு டப்பா சாப்பாடு. 6.45க்கு வீட்டைப் பூட்டி, ஏழு மணிக்கு நியாலாஸ் பக்கத்துத் தோட்ட ஆபீஸில் என் மேசை. நான் அங்கே கிராணி, கணக்கும் வருகையும் எழுதுபவள். பத்தொன்பது வருடமாக இதே வரிசை.

10.20க்குப் போன் அடித்தது. மலாக்காவில் நான் பகுதிநேரமாகப் படிக்கும் காலேஜிலிருந்து மாலதி. கிரெடிட் டிரான்ஸ்ஃபர் விண்ணப்பங்களைப் பார்க்கும் பெண்.

“ஆன்ட்டி, உங்க ஆன்லைன் மெத்ஸ் சர்ட்டிபிகேட்ல எலிசபெத் சேவியர்னு இருக்கு. யாரு சேவியர்?”

“என் வீட்டுக்காரர்மா.”

“அப்ப கோர்ஸ் அவர் செஞ்சாரா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். நான் பேனாவை மூடிவைத்தேன்.

விஷயம் இதுதான். டிகிரி முடிக்க எனக்கு மிச்சமிருப்பது ஒரே பாடம் – டிஸ்கிரீட் மெத்தமெட்டிக்ஸ். கணங்கள், தர்க்கம், நிரூபணம்... கம்ப்யூட்டர் படிப்புக்கு அதுதான் அஸ்திவாரம். காலேஜில் வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள், அதுவும் வேலை நாளில், பகலில். வாரா வாரம் எனக்கு யார் லீவு கொடுப்பார்கள்? அதனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆன்லைன் கோர்ஸில் பதினான்கு வாரம் படித்து, தேறி, அதை என் டிகிரியில் சேர்க்கச் சொல்லி எழுதிப்போட்டிருந்தேன். சேர்த்துக்கொண்டால் இந்த வருடம் பட்டம். இல்லையென்றால்...

தவறு எங்கே நடந்தது? கோர்ஸில் பதியும்போது ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம், சிவப்பு நட்சத்திரத்தோடு. நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஐசியில், அதாவது அடையாள அட்டையில், நான் அந்தோணியின் மகள் எலிசபெத். அப்பாவின் பெயர் அவருடையது, அது எப்படிக் குடும்பப் பெயராகும்? பத்து நிமிடம் யோசித்தேன். சர்ச்சில் எல்லோருக்கும் நான் மிஸஸ் சேவியர். துல்லியமாகச் செய்கிறேன் என்று நினைத்து, சேவியர் என்று நிரப்பினேன். யோசிக்காத ஆள் அப்பா பெயரைப் போட்டுவிட்டுத் தப்பித்திருப்பார்!

“பேரை மாத்தித் தரச் சொல்லி எழுதவாம்மா?”

“அதுக்கு வாரக்கணக்கா ஆகும் ஆன்ட்டி. கமிட்டி நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு லா. ரெண்டு பேரும் ஒரே ஆள்னு சத்தியக் கடிதம் எழுதி, ஓத் கமிஷனர்கிட்ட முத்திரை சாப் அடிச்சுக் கொண்டு வாங்க. அதையும் அவங்க ஏத்துக்கணும். போன தடவை ஒருத்தருக்கு ரிஜெக்ட்.”

கடைசி வாக்கியத்தை அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேனேஜரிடம் கெஞ்சி மறுநாளைக்கு அரை நாள் லீவு வாங்கினேன். மத்தியானம் வருகைப் பதிவேட்டில் ஒரே ஆளை இரண்டு தடவை எழுதினேன். பத்தொன்பது வருடத்தில் முதல் முறை.

சாயங்காலம் லோரியை நிறுத்திவிட்டு வந்த சேவியரிடம் சொன்னேன்.

“நான் எழுதியிருந்தா பாஸாயிருக்குமா லா? என்னையும் கூட்டிட்டுப் போ. ஏழாம் வாய்ப்பாடு கேக்கச் சொல்லு. அஞ்சு நிமிஷத்துல கேஸ் முடிஞ்சிரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கோர்ஸின் மூன்றாம் வாரப் பாடம்தான் நினைவில் ஓடியது. இரண்டு கணங்கள் சமம் என்று காட்ட, இதில் உள்ளதெல்லாம் அதில் இருக்கிறது என்றால் மட்டும் போதாது – அதில் உள்ளதெல்லாம் இதிலும் இருக்க வேண்டும். நோட்டில் எத்தனை தடவை நிரூபித்திருக்கிறேன்! இப்போது நிரூபிக்க வேண்டியது என்னை.

அப்பா பெயர், கணவர் பெயர் இரண்டும் இருக்கும் ஒரே காகிதம் திருமணச் சான்றிதழ். அதை ஃபைலில் முதலில் வைத்தேன். அடுத்து ஐசி நகல். சரியாக இருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன்.

தெரிந்தவர்கள் நடுவே நீ யார் என்று நம்மை யாரும் கேட்பதில்லை. தெரியாத ஒருவர் ஒருமுறை கேட்டுவிட்டால்... நமக்கே ஒரு சின்னச் சந்தேகம் வந்துவிடுகிறது, இல்லையா?

காகிதம் நேரத்தோடு போய்ச் சேர்ந்தது என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. போன் அடித்தால் முதல் மணியிலேயே எடுத்துவிடுகிறேன்.

புதன் காலை முதல் வேலையாக ஜாசினில் ஓத் கமிஷனர் ஆபீஸ் வாசலில் நின்றேன். மணி 8.05. கதவு திறந்தது 8.30க்கு. பெரியவர் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். பேனாவை நீட்டினார்.

“எந்தப் பேர்லம்மா கையெழுத்து போடுவீங்க?”

முப்பது வருடமாகப் போடும் கையெழுத்து. ஐசியை எடுத்து, பெயரை ஒருமுறை வாசித்துவிட்டுத்தான் போட்டேன்.