அம்ரைட்டா

பள்ளி இடைவேளையில் பாண்டி ஆடும் சிறுமிகள் “அம்ரைட்டா?” என்று கத்தினார்கள். சின்ன வயதில் நான் பாண்டி ஆடிய எங்கள் சாயப்பட்டறைத் தெருவின் ஈர நூல் வாடை மூக்கில் ஏறிவிட்டது. கண்ணை மூடிக் கட்டம் தாண்டுகிறவள், கோட்டை மிதிக்கவில்லையே என்று கேட்பதுதான் அம்ரைட்டா. அது தமிழ் என்றே அப்போது நினைத்திருந்தேன்.

அந்த நாளில் என் இங்கிலீஷ் டீச்சர் ஒருமுறை என் அம்மாவைக் கூப்பிட்டு, “வீட்ல சௌராஷ்டிரம் பேசுறதை நிப்பாட்டுங்க. இல்லாட்டி இவளுக்கு இங்கிலீஷ் வராது” என்றார்.

அம்மா விடவில்லை. “தமிழை மட்டும் யாரு டீச்சர் சொல்லிக்குடுத்தா? பாண்டி ஆடியே கத்துக்கிட்டா.”

இன்று நானும் இங்கிலீஷ் டீச்சர். வகுப்பில் தமிழே கேட்கக் கூடாதாம், பள்ளியின் உத்தரவு. இடைவேளை முடிந்து மணி அடித்ததும் வகுப்புத் தரையிலேயே கட்டம் போட்டேன். அம்ரைட்டாவைப் பிரித்து ஒருமுறை சொல்லிக்காட்டினேன். இங்கிலீஷ் வகுப்பில் இதுவரை வாயே திறக்காத முத்துமாரி கண்ணை மூடித் தாண்டினாள்.

“ஆம் ஐ ரைட்?”

வகுப்பே கத்தியது: “யூ ஆர் ரைட்!”